இடது கை கற்ற பாடம்

ஒரு கருவியை வாங்க ஒரு முறை செலவிட்டால் போதும். அதைக் கையாளும் திறனைக் காக்கத் தொடர்ந்து செலவிட வேண்டும். பொருளியல் வகுப்பில் தேய்மானத்தை விளக்கும்போது இயந்திரங்களையே எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். ஆனால், இயந்திரத்தைவிட விரைவாகத் தேய்வது, பயன்படுத்தப்படாத திறன். கைத்துப்பாக்கி வைத்திருப்போருக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதை ஹங்கேரி வீரர் கரோலி டகாச்சின் வாழ்க்கை உணர்த்துகிறது.

1910-ஆம் ஆண்டு ஜனவரி 21 அன்று புடாபெஸ்ட் நகரில் பிறந்த டகாச், ராணுவத்தில் சேர்ந்து, நாட்டின் தலைசிறந்த கைத்துப்பாக்கி வீரர்களுள் ஒருவராக உயர்ந்தார். ஆயினும், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் பங்கேற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அவர் சார்ஜென்ட் நிலையில் இருந்தார். அதிகாரிகள் மட்டுமே பங்கேற்கலாம் என்பது அன்றைய ஹங்கேரி ராணுவத்தின் விதி. பின்னர் அந்தத் தடை நீங்கியது. அடுத்த ஒலிம்பிக்கை எதிர்நோக்கிப் பயிற்சியைத் தொடர்ந்தார் டகாச்.

1938-இல் ராணுவப் பயிற்சியின்போது, பழுதுபட்ட கையெறி குண்டு ஒன்று அவரது கையிலேயே வெடித்தது. துப்பாக்கி பிடித்துப் பழகிய வலது கை சிதைந்தது. அப்போது அவருக்கு வயது 28.

ஏறத்தாழ ஒரு மாதம் மருத்துவமனையில் இருந்தவர், வெளியே வந்ததும் யாருக்கும் சொல்லாமல் இடது கையால் சுடப் பழகத் தொடங்கினார். இது எளிதன்று. நீண்ட துப்பாக்கியைத் தோளோடு அணைத்துப் பிடிக்கலாம். கைத்துப்பாக்கிக்கு அந்தத் துணை இல்லை, குழலும் குட்டையானது. விசையை அழுத்தும் விரல் சற்றே வெடுக்கென்று இழுத்தாலும், 25 மீட்டர் தொலைவில் குண்டு இலக்கைவிட்டு விலகிவிடும்.

1939-இல் நடந்த தேசியப் போட்டிக்கு அவர் வந்தபோது, சக வீரர்கள் அவர் வேடிக்கை பார்க்க வந்திருப்பதாகவே எண்ணினர் என்பர். அவரோ போட்டியிட்டு வென்றார். அதே ஆண்டு உலகப் போட்டியில் வாகை சூடிய ஹங்கேரி அணியிலும் இடம்பெற்றார்.

உலகப் போரால் 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் கைவிடப்பட்டன. 1948-இல் லண்டனுக்கு வந்தபோது டகாச்சுக்கு வயது 38. அதிவேகக் கைத்துப்பாக்கிப் பிரிவில் ஒரு வீரர் 60 முறை சுட வேண்டும். ஐந்து இலக்குகளை முதலில் 8 விநாடிகளிலும், பின்னர் 6 விநாடிகளிலும், இறுதியில் 4 விநாடிகளிலும் சுட்டாக வேண்டும். அர்ஜென்டீனாவின் உலக சாம்பியன் கார்லோஸ் டயஸ் சயன்ஸ் வாலியன்டே, எதற்காக வந்தீர்கள் என்று கேட்டபோது, கற்றுக்கொள்ள வந்ததாக டகாச் பதிலளித்தாராம். 580 புள்ளிகளுடன் புதிய உலக சாதனை படைத்து அவர் தங்கம் வென்றார். வாலியன்டே வெள்ளி பெற்றார்.

1952 ஹெல்சிங்கியிலும் டகாச் தங்கத்தைத் தக்கவைத்தார். இப்பிரிவில் அவ்வாறு தக்கவைத்த முதல் வீரர் அவரே. அங்கு வெள்ளி வென்ற 17 வயது சிலார்ட் கூன் அவரிடம் பயின்றவர். லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்ற டகாச், 1976-ஆம் ஆண்டு ஜனவரி 5 அன்று காலமானார்.

இந்த வரலாற்றை மன உறுதிக்குச் சான்றாகவே பலரும் கூறுவர். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு. குறிபார்க்கும் முறை, மூச்சை நிதானிக்கும் விதம், விசையை அழுத்தும் பக்குவம் ஆகிய அனைத்தையும் அறிந்தவர் டகாச். அந்த அறிவு இருந்தும், இடது கையை அவர் தொடக்கத்திலிருந்தே பழக்க வேண்டியிருந்தது. அறிந்திருப்பது வேறு, கை பழகியிருப்பது வேறு.

நமது 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள், உரிமம் கோருவோர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உரிமம் ஐந்து ஆண்டுகள் செல்லும். ஒரு முறை பெற்ற பயிற்சி, ஐந்து ஆண்டுகள் கையில் தங்குமா? பீரோவில் பூட்டிவைத்த துப்பாக்கியை, நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது முதல் முறையாக வெளியே எடுப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். இருள், நடுங்கும் கை, அடுத்த அறையில் குழந்தைகள். கதவுக்கு அப்பால் நிற்பது திருடனா, அவசரத்துக்கு வந்த அண்டை வீட்டாரா என்பதுகூடத் தெரியாது. அந்தக் கணத்தில் உரிமத் தாள் உதவாது. பழக்கம் மட்டுமே உதவும்.

பயிற்சி என்பது குறிதவறாமல் சுடுவது மட்டுமன்று. குழலை எவர்மீதும் நீட்டாதிருத்தல், சுட முடிவெடுக்கும்வரை விசையில் விரல் வைக்காதிருத்தல், துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் உறுதி செய்தல், குழந்தைகளுக்கு எட்டாமல் பூட்டிவைத்தல், சுடக் கூடாத வேளையை உணர்தல் ஆகியவையும் அதில் அடங்கும். இவற்றையும் திரும்பத் திரும்பச் செய்தே பழக வேண்டும்.

நாட்டின் முன்னணி வீரரே தம் இன்னொரு கையை நம்புவதற்கு முன், மாதக்கணக்கில் அதற்குப் பயிற்சி அளித்தார். அந்தப் பொறுமை இல்லாதவர், தற்காப்புக்கென்று கைத்துப்பாக்கி வாங்குவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பதே அவருக்கும் அவரது குடும்பத்துக்கும் நல்லது.