மீனுக்காக வாதாடிய மருத்துவர்

வைட்டிலாக் கால்வாயோரம் விரலளவு மீன்குஞ்சுகள் கூடைகூடையாய் விலைபோவதைக் காணும்போதெல்லாம் நான் பிரான்சிஸ் டேயை நினைத்துக்கொள்வேன்.

1829-இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், 1852-இல் சென்னைப் படையில் மருத்துவரானார். கொச்சியில் பணியாற்றியபோது மீன்கள்பால் மனத்தைப் பறிகொடுத்தார். மலபார் மீன்களைப் பற்றி 1865-இல் நூல் வெளியிட்டார். பிற்காலத்தில் இந்திய மீன்வளத் துறையின் தலைமை ஆய்வாளராகி நாடெங்கும் சுற்றினார். சிறுகண் வலையும், நீரில் கலக்கும் நஞ்சும், வழிமறிக்கும் அணையும் மீனினத்தை அழிக்கக் கண்டார். 1873-ஆம் ஆண்டு அறிக்கையில் கட்டுப்பாடு வேண்டினார்.

அவர் 1889-இல் மறைந்தார். வெடியாலும் நஞ்சாலும் மீன் கொல்வதைத் தடுக்கும் சட்டம் பிறந்ததோ 1897-இல்!

நண்பர்களே, சட்டம் வந்தும் குஞ்சுகள் தப்பவில்லை. வாங்குவோர் நாமல்லவா? குஞ்சு மீனை வாங்க மறுப்போம். அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றி.