அமோஸ் அலோன்சோ ஸ்டாக்

அமோஸ் அலோன்சோ ஸ்டாக் (ஆகஸ்ட் 16, 1862 – மார்ச் 17, 1965) ஓர் அமெரிக்கக் காற்பந்துப் பயிற்றுநர் ஆவார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1892 முதல் 1932 வரை பணியாற்றினார். பிக் டென் எனப்படும் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பின் வளர்ச்சியோடு இவரது வாழ்க்கை நெருங்கிய தொடர்புடையது.

இளமை

நியூ ஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சில் பிறந்தார். சமயப் போதகராகும் நோக்கத்துடன் யேல் பல்கலைக்கழகத்தில் பயின்றார். அங்கு இவருக்கு ஆசிரியராக இருந்த வில்லியம் ஹார்ப்பர், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானபோது இவரை அங்கு அழைத்துக்கொண்டார்.

கூட்டமைப்பின் தோற்றம்

அக்காலத்தில் மாணவர் அல்லாதோரும் கல்லூரி அணிகளில் ஆடினர். இதனைக் கட்டுப்படுத்த, பர்டியூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட் 1895 இல் சிகாகோவில் ஒரு கூட்டத்தைக் கூட்டினார். அதன் விளைவாக 1896 இல் ஏழு பல்கலைக்கழகங்கள் இக்கூட்டமைப்பை உருவாக்கின. சிகாகோவும் அவற்றுள் ஒன்று. விளையாட்டைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு பேராசிரியர்களின் பிரதிநிதிகளிடம் ஒப்படைக்கப்பட்டது.

1899 இல் இந்தியானாவும் அயோவாவும் சேர்ந்தன. ஒரு மாணவர் மூன்று ஆண்டுகள் மட்டுமே ஆடலாம் என்பது உள்ளிட்ட 1906 ஆம் ஆண்டின் கடும் விதிகளை ஏற்காத மிச்சிகன் விலகியது. 1912 இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம் இணைந்தது. 1917 இல் மிச்சிகன் திரும்பியதும் உறுப்பினர் எண்ணிக்கை பத்தானது. பத்தைக் குறிக்கும் பிக் டென் என்ற பெயரும் வழக்கில் வந்தது.

சிகாகோவின் எழுச்சியும் விலகலும்

ஸ்டாக்கின் அணி ஏழு முறை கூட்டமைப்பின் வாகையர் பட்டம் பெற்றது. 56 ஆட்டங்களில் தோல்வி காணாதிருந்த மிச்சிகனை 1905 இல் 2–0 என வென்றது இவற்றுள் புகழ்பெற்ற ஆண்டின் வெற்றியாகும்.

70 வயதில் ஸ்டாக் ஓய்வு பெற வேண்டியதாயிற்று. அதன் பின் அணி நலிவுற்றது. 1939 இல் மிச்சிகனிடம் 85–0 எனத் தோற்றது. கல்விக்கே முதன்மை தந்த தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் அவ்வாண்டே காற்பந்தை நிறுத்தினார். 1946 இல் சிகாகோ கூட்டமைப்பிலிருந்தே வெளியேறியது. அவ்விடம் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது. கைவிடப்பட்ட ஸ்டாக் மைதானத்தின் பார்வையாளர் மேடைக்கு அடியில்தான், 1942 டிசம்பர் 2 அன்று முதல் அணுக்கருத் தொடர்வினை நிகழ்த்தப்பட்டது.

பிற்காலம்

ஸ்டாக் 1933 முதல் 1946 வரை கலிபோர்னியாவின் பசிபிக் கல்லூரியில் பயிற்சியளித்தார். 1943 இல், தமது 81 ஆம் வயதில், ஆண்டின் சிறந்த பயிற்றுநராகத் தேர்வானார். ஸ்டாக்டன் நகரில் 102 ஆம் வயதில் காலமானார்.

இவருக்குப் பின் கூட்டமைப்பு தன் நடுமேற்கு எல்லையைக் கடந்தது. தொலைக்காட்சி ஒளிபரப்பு வருவாய் இதற்கு முக்கியக் காரணமாகும். 2014 இல் மேரிலாந்தும் ரட்கர்சும், 2024 இல் பசிபிக் கரை மாநிலங்களின் நான்கு பல்கலைக்கழகங்களும் சேர்ந்தன. இதனால் உறுப்பினர் எண்ணிக்கை 18 ஆனபோதும், பத்தைக் குறிக்கும் பழைய பெயர் மாற்றப்படவில்லை.