பனிமலை ஓவியர் ரோரிக்

கிருஷ்ணன்கோவிலினின்று மேற்கே நோக்குவோர்க்கு மலைத்தொடர் நீலமாய்த் தோன்றும். அடிவாரத்தில் ஆடு மேய்ப்போரும் உளர். மலையையும் மேய்ப்பனையும் இமயச் சாரலிற் கண்டு சித்திரமாக்கிய ருஷியர் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

நிகோலஸ் ரோரிக் 1874-ஆம் ஆண்டில் ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிற் பிறந்தார். தந்தையார் விரும்பியது சட்டம். மைந்தர் விரும்பியது ஓவியம். இரண்டையும் ஒருங்கே கற்றார். 1917-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் தாய்நாட்டில் நிலைத்து வாழும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை. பல தேசங்களிற் சுற்றி 1923-இல் இந்தியாவை அடைந்தார். 1928 முதல் குலு பள்ளத்தாக்கின் நக்கர் என்னும் ஊரிற் குடியமர்ந்தார்.

அங்கு அவர் எழுதிய சித்திரங்களுள் எம் உள்ளத்தை மிகக் கவர்ந்தது கிருஷ்ணன் குழலூதும் படமே. பூத்த மரத்தடியில் ஆயன் அமர்ந்திருக்கின்றான், பின்னே பனிமலைகள். வர்ணத்தில் எண்ணெய்ப் பளபளப்பு இல்லை. கண்ட பொருளாற் காணாப் பொருளைக் குறிப்பித்தல் குறியீட்டு ஓவியர் மரபு. இங்குக் குறித்த பொருள் யாது? ருஷியக் கதைகளில் லேல் என்றொரு மேய்ப்பன் உண்டு, அவனும் குழலூதுவோன். பனிப்பெண் கதையை நாடக அரங்கிற்கு அமைத்தபோது ரோரிக் அவனை முன்னரே தீட்டியிருந்தார். இழந்த நாட்டின் லேலையே குலுவிற் கண்ணனாகக் கண்டனர் என்பது எம் துணிபு.

போர்க்காலத்திற் கலைநிலையங்களைக் காக்கும் உடன்படிக்கை 1935-இல் இவர் முயற்சியால் வாஷிங்டனிற் கைச்சாத்தாயிற்று. அது போற்றத்தக்கது, அவருடைய மத்திய ஆசிய அரசியற் கனவுகளை அங்ஙனம் போற்ற எமக்கு மனம் வரவில்லை.

முதுமையில் ருஷியாவுக்கு மீள விரும்பினார், கைகூடவில்லை. 1947 டிசம்பர் 13-இல் நக்கரில் உயிர்நீத்தார். உடல் தகனமான மலைச்சரிவில் ஒரு கல் நிற்கின்றது.