சுவார்ட்ஸ் ஐயரின் உக்கிராணத்துவம்

1767-இல் நம் திருவண்ணாமலையருகே ஆங்கிலேயரோடு பொருத ஹைதர் அலியிடம், 1779-இல் சென்னை அரசாங்கத்தார் சமாதானத் தூதராய் அனுப்பியவர் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர். வழிச்செலவுக்கென்று ஹைதர் அளித்த 300 ரூபாயை, திரும்பியதும் அவர் அரசாங்கத்தாரிடமே ஒப்புவித்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்று அவர்கள் கூறவே, தஞ்சையில் ஒரு தருமப் பாடசாலைக்கு அதனை முதலாக்கினார்.

பிரஷிய நாட்டில் 1726-இல் பிறந்த ஐயர், 1750-இல் தரங்கம்பாடி சேர்ந்தார். விவாகஞ் செய்திலர். கறுப்புச் சாயந் தோய்த்த பருத்தியுடையும், சோறுங் கறியுமே அவருக்குப் போதும். திருச்சிராப்பள்ளிப் படையினர்க்குக் குருவாயிருந்தமைக்குக் கம்பெனியார் தந்த 100 பவுனில் பாதியை மிஷனுக்கு ஈந்தார்.

பின்பு ஹைதரின் சேனை சோழநாட்டைப் பாழாக்கிற்று. தஞ்சைக் கோட்டையுள் ஜனங்கள் பசியால் மடிந்தனர். விலை மலிந்திருந்த நாளிலே ஐயர் வாங்கிவைத்திருந்த அரிசி பலரைக் காத்தது. (சேமித்தல் விசுவாசக் குறைவென்பார் இதனைக் கருதுவாராக.) ஆயினும் கோட்டை முழுவதற்கும் அது எம்மாத்திரம்? நாட்டுப்புறத்தில் நெல் இல்லாமலில்லை. சுமந்துவர மாடுகளே இல்லை. முன்னர் நெல் கொணர்ந்தோரின் பணத்தை அதிகாரிகள் விழுங்கினமையால், அரசர் ஆணையிட்டும் குடிகள் அசைந்திலர். ஐயர் தம் கையாலேயே பணந் தருவதாக எங்குங் கடிதம் போக்கினார். இரண்டு மூன்று நாட்களில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டை புகுந்தது. அரசரது பொக்கிஷத்தை நம்பாதார் ஒரு பாதிரியாரின் சொல்லை நம்பினர்!

1798 பிப்ரவரி 13-இல் ஐயர் தஞ்சையில் மரித்தார். தம் உடைமையை மிஷனுக்கே வைத்துச்சென்றார்.