அவரைப் பந்தலில் ஜானகி அம்மாள்

வடசேரியில் எங்கள் வீட்டின் பின்புறம் ஓர் அவரைப் பந்தல் உண்டு. என் தாயார் ஆடி மாதந்தோறும் விதை ஊன்றிய இடம் அது. பந்தல் கால்கள் பலமுறை மாறிவிட்டன. விதை மட்டும் மாறவில்லை. வெள்ளைப் பூப் பூத்து, வெளிர்பச்சை நிறத்தில் அகலமாகக் காய்க்கும் அந்த அவரையைக் கனகமூலம் சந்தையில் இப்போது நான் காண்பதில்லை. கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், அந்த விதையைக் காப்பதை ஒரு கடமையாகவே மேற்கொண்டேன். முற்றிய நெற்றுகளைப் பறித்து, உலர்த்தி, சாம்பல் கலந்து புட்டியில் அடைத்து வைப்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த வரிசையில் ஒரு கொடி மட்டும் ஊதாப் பூப் பூத்தது. விதையில் ஏதோ கலந்துவிட்டது என்று முடிவுகட்டி, அன்றே அதை வேரோடு பிடுங்கி உரக்குழியில் எறிந்தேன். தூய்மையைக் காத்துவிட்ட நிறைவு எனக்கு. பக்கத்து வீட்டு மதிலில் படர்ந்திருந்த ஊதா அவரையையும், இரண்டுக்கும் இடையே காலைதோறும் பறந்துகொண்டிருந்த கருவண்டையும் நான் பொருட்படுத்தவில்லை.

அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் செடி. ஆயினும், பூவின் படகு போன்ற அடியிதழைத் தன் எடையால் அழுத்தித் திறக்கவல்ல கருவண்டு, எப்போதாவது அயல் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அவ்வாறு உருவான விதையைக் கையில் வைத்துப் பார்த்து அடையாளம் காண இயலாது. விதையின் மேல்தோல் தாய்ச்செடியின் திசுவால் ஆனது. ஆகவே அது உடன்பிறந்த மற்ற விதைகளைப் போலவே இருக்கும். முளைத்துப் பூக்கும்போதுதான் தந்தை வேறு என்பது வெளிப்படும். நான் பிடுங்கியெறிந்தது கலப்படம் அன்று. என் பந்தலிலேயே நிகழ்ந்த இயற்கைக் கலப்பாகவே அது இருந்திருக்க வேண்டும். இதை நான் உணர்ந்தது ஒரு பெண்மணியின் வாழ்க்கையைப் படித்தபோதுதான். அவரிடம் என்னைக் கொண்டு சேர்த்ததோ தாவரவியல் அன்று, பொருளாதாரம்.

1955-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில், பூமியின் முகத்தை மனிதன் எவ்வாறு மாற்றியிருக்கிறான் என்பதை ஆராய உலக அறிஞர்கள் கூடினார்கள். அந்த அவையில் அழைக்கப்பெற்றிருந்த ஒரே பெண் இந்தியர்; பேசிய பொருள் இந்தியாவின் பிழைப்புநிலைப் பொருளாதாரம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வளர்ச்சிப் பொருளியல் கற்பித்தவன் நான். வீட்டுத் தேவைக்கு விளைவித்து உண்ணும் அந்த வேளாண்மையை, கடந்து செல்ல வேண்டிய ஒரு படிநிலை என்றே மாணவர்களுக்குச் சொல்லிவந்தேன். அதற்குள் ஓர் அறிவுச் சேமிப்பு இருக்கிறது என்று ஒரு தாவரவியலாளர் எனக்கு முந்தைய தலைமுறையிலேயே எடுத்துரைத்திருந்ததை, ஓய்வு பெற்ற பிறகுதான் அறிந்தேன்.

எடவலத்து கக்கத்து ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4 அன்று, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலைச்சேரியில் பிறந்தார். தந்தை திவான் பகதூர் ஈ.கே. கிருஷ்ணன் துணை நீதிபதி. தோட்டத்திலும் பறவைகளிலும் ஈடுபாடு மிக்கவர். தாய்வழிப் பாட்டனார் ஆங்கிலேய அதிகாரி. திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்தவர். குடும்பமோ தீயர் சமூகத்தைச் சேர்ந்தது. பிள்ளைகள் நிறைந்த வீடு. உடன்பிறந்த பெண்கள் பலர் மணமாகிச் செல்ல, இவர் சென்னைக்குப் படிக்கப் போனார். ராணி மேரி கல்லூரி, பிறகு மாநிலக் கல்லூரி. 1921-இல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்று, சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியரானார். ஆசிய நாட்டுப் பெண்களுக்கென அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வழங்கிய பார்பர் உதவித்தொகை கிடைத்தபோது, வீட்டார் பேசிவைத்திருந்த திருமணத்தை விடுத்துக் கப்பலேறினார். 1931-இல் அங்கேயே முனைவர் பட்டம் பெற்றார். தாவரவியலில் அத்தகுதியை எட்டிய முதல் இந்தியப் பெண்களுள் ஒருவர் அவர்.

1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் அவர் தாவரவியல் பேராசிரியர். எங்கள் நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூரின் பகுதி. கோயில் தெருக்களில் எல்லோரும் நடக்கலாம் என்ற உரிமைக்காக இங்கே சுசீந்திரத்தில் 1926-இல் சத்தியாகிரகம் நடந்திருந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்ததோ 1936 நவம்பரில். அதாவது, மகாராஜாவின் பெயரைத் தாங்கிய கல்லூரியில் அவர் பேராசிரியராக அமர முடிந்தது. அதே மகாராஜாவின் பத்மநாபசுவாமி கோயிலுக்குள் அவர் பிறந்த சமூகத்தவர் கால் வைக்க முடியாத காலம் அது. செடிகளின் கலப்பைத் தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர், மனிதரின் கலப்பை அஞ்சிய ஊர்களில் வாழ்ந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், உரக்குழியில் வாடிக்கிடந்த அந்த ஊதாக் கொடி என் கண்முன் வருகிறது.

1934-இல் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியலாளராகச் சேர்ந்தார். இங்கே ஓர் ஒப்புதல் வாக்குமூலம் தேவைப்படுகிறது. 1932-ஆம் ஆண்டின் காப்பு வரிச் சட்டம் ஜாவாச் சர்க்கரையைத் தடுத்து, இந்தியச் சர்க்கரை ஆலைகளைச் சில ஆண்டுகளிலேயே பன்மடங்காகப் பெருக்கியது என்று ஆண்டுதோறும் பாடம் நடத்தியிருக்கிறேன். வரி சுவர் எழுப்பியது உண்மை. அந்தச் சுவருக்குள் வளர்ந்த கரும்பு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதும் இல்லை, எந்த மாணவரும் கேட்டதும் இல்லை.

அந்தக் கரும்பு ஒரு கலப்பு. பார்பர், வெங்கட்ராமன் ஆகிய அறிஞர்கள் கோவையில், சாறு மிகுந்த வெப்பமண்டலக் கரும்பையும் ஆற்றோரங்களில் தானாக வளரும் பேய்க்கரும்பையும் இணைத்து 1918 அளவிலேயே புதிய இரகத்தை வெளியிட்டிருந்தனர். முன்னதில் இனிப்பு உண்டு, வலிமை இல்லை. பின்னதில் இனிப்பு இல்லை, வறட்சியையும் நோயையும் தாங்கும் ஆற்றல் உண்டு. ஜானகி அம்மாள் இந்தக் கலப்புகளின் உட்புறத்தை நுண்ணோக்கியில் எண்ணத் தொடங்கினார். நாட்டுக் கரும்பாயினும் காட்டுப் புல்லாயினும் அதன் உயிரணுவில் எத்தனை நிறமிகள் என்பதே அவருடைய கேள்வி. நம் அவரைக்கு 22. சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் 20. பேய்க்கரும்பிலோ, இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை வேறுபடுகிறது. அந்தப் புல்லின் பன்மைக்கு இந்தியா ஒரு தாயகம் என்பதை அவருடைய ஆய்வுகள் உணர்த்தின. கரும்பை மக்காச்சோளத்தோடும், சோளத்தோடும், தருப்பை இனப் புல்லோடும்கூட அவர் இணைத்துப் பார்த்தார். வயலுக்கு வந்த இரகங்கள் அல்ல அவை. எந்தச் செடி எதற்கு உறவு என்று அறியச் செய்த சோதனைகள்.

1935-இல் சி.வி. இராமனின் இந்திய அறிவியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. ஆயினும் கோவையில், தனித்து வாழும் பெண் என்பதாலும் பிறந்த சாதியாலும் உடன் பணியாற்றிய ஆண்களிடையே அவருக்கு இடர்ப்பாடுகள் இருந்தன என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்துள்ளனர்.

1939 ஆகஸ்டில் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குச் சென்றார். அடுத்த மாதமே உலகப் போர் மூண்டது. லண்டனிலேயே தங்கி, ஜான் இன்ஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் பணியாற்றினார். குண்டு விழும் இரவுகளில் கட்டிலுக்கு அடியில் ஒதுங்கி, விடிந்ததும் நொறுங்கிய கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு ஆய்வைத் தொடர்ந்தார் என்பது குடும்பத்தார் வழி வந்த செய்தி. அங்கே டார்லிங்டனுடன் இணைந்து அவர் எழுதிய, பயிர்த் தாவரங்களின் நிறமி எண்களைத் திரட்டித் தந்த பெருநூல் 1945-இல் வெளிவந்தது. மனிதன் வளர்க்கும் செடிகளுக்கெல்லாம் ஒரு பிறப்புப் பதிவேடு என்று அதைச் சொல்லலாம். பிறகு விஸ்லியில் அரச தோட்டக்கலைச் சங்கத்தில் மக்னோலியா மரங்களை ஆராய்ந்தார். அவர் பெயரைத் தாங்கிய வெண்பூ மக்னோலியா ஒன்று இன்றும் உண்டு.

நேருவின் அழைப்பின்பேரில் 1951-இல் தாயகம் திரும்பினார். இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. பின்னர் அலகாபாத், ஜம்மு எனப் பல இடங்கள். அலுவலகப் பூசல்கள் நிறைந்த அந்த ஆண்டுகளைவிட, அவர் காடுகளில் கண்டதே நமக்கு முக்கியம். இமயத்தின் வடகிழக்கு மூலையில் சீனத் தாவரங்களும் மலேயத் தாவரங்களும் நம் மண்ணின் தாவரங்களும் சந்திக்கின்றன; அங்கே இயற்கையே கலப்பினங்களை உருவாக்கி, தாவரப் பன்மையைப் பெருக்கியிருக்கிறது என்று அவர் கண்டார். எல்லை ஓரம்தான் வளமான இடம். பொருளாதாரத்தில் வணிகத்துக்கு நாங்கள் சொல்வது போன்ற ஒன்று இது. அதே நிலப்பரப்பில்தான், ஷில்லாங்கிலிருந்து நெடுந்தொலைவு சென்று ஓர் அரிய மக்னோலியா மரத்தைத் தேடியபோது, அது எரிக்கப்பட்டுவிட்டதை அறிந்து திரும்பினார். உணவு உற்பத்தியைப் பெருக்கும் வேகத்தில் நிலம் இழப்பதையும் கணக்கில் எழுத வேண்டும் என்ற எண்ணம் அவருள் வலுத்த காலம் அது.

பிரின்ஸ்டனில் அவர் பேசியது இதன் பின்னணியில்தான். தாய்வழிச் சமூகங்களில் பெண்களே சொத்தையும், அதில் ஒன்றான செடிகொடிகளையும் பேணியவர்கள் என்பதையும், தானியப் பெருவேளாண்மை அந்த முறைகளை அழுத்துவதையும் அவர் சுட்டிக்காட்டினார். நாஞ்சில் நாட்டவனான எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. எங்கள் பகுதியின் மருமக்கள்வழி முறையில் மனைவியும் மக்களும் பட்ட துயரைக் கவிமணி பாடி வைத்திருக்கிறார். 1926-இல் சட்டம் வந்துதான் அது முடிந்தது. தாய்வழி என்பதாலேயே அது பெண்ணுக்கு நிழலாகிவிடவில்லை. ஆனால், காரணவர் நிலத்தை ஆண்ட வீடுகளிலும் விதைப் பானை பெண்களின் கையில்தான் இருந்தது. என் தாயாருக்குப் பட்டா எதிலும் பெயர் இல்லை. அவரை விதை மட்டும் அவருடையது. ஜானகி அம்மாள் சொன்னதில் எனக்கு உடன்பாடான பகுதி அதுவே.

1970-இல் சென்னைக்கு வந்து, சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் மதுரவாயல் கள ஆய்வகத்தில் தங்கிவிட்டார். காவி நிறச் சேலை, மூலிகைச் செடிகள், ஒரு பூனைக் குடும்பம். பூனைக்குட்டிகளிடையே உள்ள சிறு வேறுபாடுகளையும் அவர் கவனித்துவந்தாராம். 1977-இல் பத்மஸ்ரீ விருது. எண்பதைத் தொட்ட வயதில், நீர்மின் திட்டத்துக்காக அமைதிப் பள்ளத்தாக்கை மூழ்கடிக்கும் முயற்சியை எதிர்த்தவர்களோடு நின்றார். அக்காட்டு மரங்களின் நிறமி எண்களைக் கணக்கெடுக்கவும் முனைந்தார். ஓர் அரசின் விருதைப் பெற்றவர் அந்த அரசுகளின் திட்டத்தை எதிர்க்கத் தயங்காதது இன்று வியப்பாக இருக்கலாம். 1984 பிப்ரவரி 7 அன்று, மதுரவாயல் ஆய்வகத்திலேயே, தம் 86-ஆம் வயதில் மறைந்தார். அதே ஆண்டு நவம்பர் 15 அன்று அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

சென்ற ஆண்டு என் வெள்ளை அவரை வரிசையில் மீண்டும் ஒரு கொடி ஊதாப் பூப் பூத்தது. இம்முறை அதன் தண்டில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டி, பந்தலின் ஓர் ஓரத்தில் தனியே படரவிட்டேன். அதன் நெற்றுகளைத் தனிப் புட்டியில் சேர்த்து, பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்தேன். கடந்த ஆடியில் அவற்றில் 20 விதைகளை ஊன்றினேன், 19 முளைத்தன. மார்கழி பாதிவரை பூத்தவை 11. அவற்றுள் 8 ஊதா, 3 வெள்ளை. எஞ்சிய 8 கொடிகள் இன்னும் மொட்டு விடவில்லை.