வேதத்தின் கண்ணால் பார்த்த வைத்தியர்: மேரி ரட்ணம்

மலருக்குக் கிறிஸ்தவப் பெண்மணி ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டார்கள். வேதாகமக் கண்ணோட்டத்தோடு வாழ்வது என்றால் என்னவென்று அதைப் படிப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதும் அவர்கள் விருப்பம். புளோரன்ஸ் நைட்டிங்கேலையும் வேலூர் ஐடா ஸ்கடரையும் நாங்கள் பாடசாலைக் காலத்திலேயே படித்துவிட்டோம். இலங்கையில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, இந்நாட்டுப் பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்தவர்களில் ஒருவரான டாக்டர் மேரி ரட்ணத்தை நாங்கள் அறிந்துகொண்டதோ வைத்தியத் தொழிலுக்கு வந்த பிறகுதான். ஆகவே அவரைப் பற்றியே எழுதுகிறோம்.

மேரி ஹெலன் அர்வின் 1873 ஆம் ஆண்டு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் பிறந்தார். பெண்கள் வைத்தியம் படிப்பது அபூர்வமாக இருந்த அந்தக் காலத்தில் டொரன்டோவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறினார். யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கு வைத்தியம் செய்ய மிஷனரிகள் ஆள் தேடியபோது தம்மை ஒப்புக்கொடுத்தார். ஆண் வைத்தியரிடம் போக மறுத்து வீட்டுக்குள்ளேயே செத்துப்போகும் பெண்களுக்குப் பெண் வைத்தியர் வேண்டும் என்ற குரல் அன்று ஆசியா எங்கும் கேட்டது. ஐடா ஸ்கடரை வேலூருக்கு இழுத்ததும் அதே தேவைதான்.

புறப்படும் முன் நியூயோர்க்கில் அவர் சந்தித்த ஒருவர் அவருடைய பாதையை மாற்றினார். அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்றிருந்த இலங்கைத் தமிழ்க் கிறிஸ்தவரான சாமுவேல் கிறிஸ்மஸ் கனக ரட்ணமே அவர். 1896 இல் அங்கேயே இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். மேரி அதே ஆண்டு இலங்கைக்கு வந்தார். மிஷனோ அவரைப் பணிக்கு ஏற்க மறுத்தது. படிப்பிலோ விசுவாசத்திலோ ஒழுக்கத்திலோ அவரிடம் யாரும் குறை காணவில்லை. கணவர் தமிழர் என்பதுதான் குறை.

இதை எழுதும்போது எங்களுக்குக் கோபம் வருவதை மறைக்கவில்லை. ஆனால் அந்த மிஷனரிகளைக் கொடியவர்களாகச் சித்திரித்துவிட்டுப் போவதும் எளிது. 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது அமெரிக்க மிஷன்தான். 1847 இல் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய டாக்டர் சாமுவேல் கிறீனும் அந்த மிஷனின் ஆள்தான். தமிழ்ப் பிள்ளைக்கு எழுத்தறிவிக்கலாம், தமிழ் நோயாளியின் புண்ணைக் கழுவலாம், தமிழ்ச் சபையோடு ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கலாம். அதே தமிழர் மருமகனாக வந்து மேசையில் உட்காரக் கூடாது. வேதத்தைத் தினமும் வாசித்தவர்கள், தாம் கறுப்பு வெள்ளைக் கண்ணாடி அணிந்து அதை வாசிப்பதை உணரவில்லை.

எண்ணாகமம் பன்னிரண்டாம் அதிகாரத்தை அவர்களும் வாசித்திருப்பார்கள். மோசே எத்தியோப்பியப் பெண்ணை மணந்ததற்காக அக்காள் மிரியாமும் அண்ணன் ஆரோனும் முறுமுறுத்தார்கள். தோல் நோய் பிடித்து ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே இருக்க நேர்ந்தது அந்நியப் பெண்ணுக்கல்ல, முறுமுறுத்த மிரியாமுக்கு. ரூத்தின் கதையும் அப்படித்தான்: மோவாபிலிருந்து வந்த மருமகள் தாவீதின் பூட்டியானாள். மனிதரைத் தேவன் தமது சாயலாகப் படைத்தார் என்று ஆதியாகமத்தின் முதல் அதிகாரமே சொல்கிறது. அதைப் பரீட்சைக்கு எழுதுவது சுலபம். கலியாணப் பேச்சு வரும்போது அதை நம்புகிறோமா என்பதல்லவா கேள்வி?

நாங்கள் வளர்ந்த மலையகத்திலும் இது பழைய கதையல்ல. 1854 இல் தோட்டத் தொழிலாளரிடையே ஊழியம் செய்யத் தொடங்கிய மிஷனின் பெயரே தமிழ்க் கூலி மிஷன். நற்செய்தியைக் கொண்டுவந்தவர்கள், அதைக் கேட்டவர்களைத் துரைமாரின் பற்றுச்சீட்டில் இருந்த சொல்லாலேயே அழைத்தார்கள். துரைமார் போன பிறகும் எங்கள் சபைகளில் ஞானஸ்நானத்துக்கு முந்திய சாதி ஏன் விசாரிக்கப்படுகிறது? ஹட்டனிலும் கொட்டகலையிலும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடுகிற இரண்டு குடும்பங்கள், பிள்ளைகள் ஒருவரை ஒருவர் விரும்பியதும் பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொள்வதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதற்கும் வசனம் எடுத்துக் காட்டுவார்கள்.

மேரி ரட்ணம் ஊருக்குத் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. கொழும்புக்கு வந்து பெண்களுக்கான லேடி ஹவ்லொக் வைத்தியசாலையில் வேலை செய்தார், பிறகு தனியாக வைத்தியம் பார்த்தார். இலங்கை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதே 1892 இல்தான். பெண் வைத்தியரைக் காண்பதே அரிதான கொழும்பில் அவருக்கு வேலைக்குக் குறைவிருக்கவில்லை. 1904 இல் இலங்கைப் பெண்கள் சங்கத்தையும் 1909 இல் தமிழ்ப் பெண்கள் சங்கத்தையும் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். தன்னை மருமகளாக ஏற்ற இனத்தின் பெண்களோடு அவர் சேர்ந்துகொண்ட விதம் ரூத்தை நினைவூட்டுகிறது என்றால் மிகையாகாது.

படைப்பு, வீழ்ச்சி, மீட்பு என்று மூன்று படிகளில் வேதாகமக் கண்ணோட்டத்தை எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். வைத்தியராக இருப்பவருக்கு நடுப்படியில்தான் சிக்கல். துன்பம் எல்லாம் பாவத்தால் வந்தது என்று பொதுவாகச் சொல்லி ஜெபித்துவிட்டுப் போகலாம். ஆனால் இரத்தம் சுண்டி வெளிறிப்போய் வருகிற தாயின் துன்பம் எங்கிருந்து வருகிறது? வெறுங்காலில் மண்ணிலிருந்து ஏறுகிற கொக்கிப்புழு, மலசலகூடம் இல்லாத வாசல், ஆண்டுக்கொரு பிள்ளைப்பேறு, கடைசியாகச் சாப்பிடுகிறவள் அவளே என்ற வழக்கம். பாவம் உண்டுதான், ஆனால் அந்தத் தாயுடையது அல்ல. கொக்கிப்புழுவை ஒழிக்க ரொக்ஃபெலர் அமைப்பு 1916 இல் இலங்கைத் தோட்டங்களில் வேலையைத் தொடங்கும் வரை, தோட்டத்துப் பெண்ணின் சோகையைச் சோம்பல் என்று எழுதிவைத்தவர்களும் இருந்தார்கள்.

மேரி ரட்ணம் மருந்தோடு நிற்காததன் காரணம் இதுதான் என்று நினைக்கிறோம். பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சுகாதார நூலும் மனையியல் நூலும் எழுதினார். 1930களின் தொடக்கத்தில் லங்கா மகிள சமித்தியைத் தொடங்கினார். ஒன்டாரியோவில் 1897 இல் விவசாயிகளின் மனைவியர் தொடங்கிய மாதர் சங்கங்கள் அவர் அறிந்தவை. வங்காளத்தில் சரோஜ் நளினி தத்தின் பெயரில் நடந்த கிராம மாதர் சங்கங்களும் அவருக்கு முன்மாதிரியாயின. போசாக்கு, கிணற்று நீர், வீட்டுத்தோட்டம், தையல், நெசவு, எழுத்தறிவு ஆகியவற்றைக் கிராமத்துப் பெண்கள் தாங்களே கூடிக் கற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது. பௌத்தர், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பாராமல் சேர்ந்தார்கள். மதம் மாற்றும் நோக்கம் அதில் இல்லை. அப்படியானால் அது கிறிஸ்தவ ஊழியமா என்று கேட்பவர்கள் நல்ல சமாரியன் காயப்பட்டவனிடம் என்ன மதம் கேட்டான் என்று பார்க்கலாம்.

சமித்தி கிராமங்களில் வேரூன்றியது, லயன்களுக்குள் அல்ல. துரையின் அனுமதி இல்லாமல் வெளியார் கால் வைக்க முடியாத தனியார் நிலமாகத் தோட்டம் இருந்தது. கொழுந்து எடுத்து முடிந்ததும் தண்ணீருக்கும் விறகுக்கும் ஓடி, பிள்ளைக் காம்பராவிலிருந்து குழந்தையைத் தூக்கிவரும் பெண்ணுக்குக் கூட்டத்துக்குப் போக நேரம் எங்கே இருந்தது?

1930களில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனைக்கு நிலையம் திறக்க அவர் முன்வந்ததும் பலரை ஆத்திரப்படுத்தியது, கிறிஸ்தவர்கள் உட்பட. இன்றும் இதில் கிறிஸ்தவர்களிடையே ஒரே கருத்து இல்லை. எங்களுக்குள்ளும் இல்லை. நாங்கள் கவனிப்பது ஒன்று: முடிவெடுக்கும் இடத்தில் அவர் அந்தப் பெண்ணை வைத்தார். கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பணம் கொடுத்த காலம் ஒன்று இந்த நாட்டில் பின்னால் வந்தது. பணமுடைக்காரிக்கு அந்தப் பணம் எவ்வளவு பெரிய நெருக்குதல் என்று தோட்டப்புறத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். தேவசாயல் உள்ளவளிடம் சம்மதம் கேட்பதற்கும், கையெழுத்து வாங்குவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

மலைநாட்டுப் பெண்களாகிய நாங்கள் அவருக்கும் அவருடைய தோழியருக்கும் கடன்பட்டிருப்பது இன்னொரு காரியத்தில். 1927 டிசம்பரில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானபோது அவரும் அதில் இருந்தார். டொனமூர் ஆணைக்குழுவின் முன் அந்தச் சங்கத்தார் சாட்சி சொன்னபோது, தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. கொழும்புச் சீமாட்டிகள் அந்த இடத்தில் தயங்குவார்கள் என்று கேட்டவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். சங்கத்தின் செயலாளர் அக்னஸ் டி சில்வா தயங்காமல், அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்தில் பதில் சொன்னார். ஆணைக்குழு முதலில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்கைப் பரிந்துரைத்தது. 1931 இல் ஆண்களைப் போலவே இருபத்தொரு வயதுப் பெண்களும் வாக்களித்தார்கள். ஆனால் இந்தியத் தமிழருக்கு நிரந்தர வதிவிடத்தைக் காட்டும் நிபந்தனைகள் போடப்பட்டன. பேரேட்டில் பெயர் இருந்தும் வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாத பெண்கள் ஏராளம்.

1937 இல் மேரி ரட்ணம் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். தேர்தல் மூலம் அங்கே நுழைந்த முதல் பெண் அவர். பிறகு ஒரு சட்ட நுணுக்கத்தின் பேரில் அந்த ஆசனம் பறிபோனது. மிஷன் கதவைச் சாத்தியபோது செய்ததையே இப்போதும் செய்தார், அதாவது வெளியே இருந்த வேலையைத் தொடர்ந்தார்.

1948 இலும் 1949 இலும் வந்த சட்டங்கள் தோட்டத் தமிழரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. அவர் பாடுபட்ட உரிமை லயன்களில் சுமார் பதினெட்டு ஆண்டுகளே நிலைத்தது. அந்தச் சட்டங்கள் வந்த நாட்களில் தேவாலயங்களில் என்ன பிரசங்கம் செய்தார்கள் என்று நாங்கள் அடிக்கடி யோசிப்பதுண்டு. அந்நியரை ஒடுக்காதே, நீயும் எகிப்தில் அந்நியனாய் இருந்தாய் என்ற கட்டளை யாத்திராகமத்தில் இருக்கிறது. வேதத்தின்படி உலகைப் பார்ப்பதாகச் சொல்லும் ஒருவர் அதைத் தாண்டிப் போக முடியாது.

1958 இல் ரமொன் மக்சேசே விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது பொதுச் சேவைக்கான விருது மேரி ரட்ணத்துக்குக் கிடைத்தது. அதே ஆண்டு விருது பெற்றவர்களில் வினோபா பாவேயும் ஒருவர். அப்போது மேரிக்கு வயது எண்பத்தைந்து.

1962 இல் அவர் காலமானார். இரண்டு ஆண்டுகள் கழித்து சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் கணக்குப் பிரித்தது. எங்களுக்கு முந்திய வகுப்புகளின் அக்காமார் சிலரும் அந்தக் கணக்கில் விழுந்து, கொட்டகலை ஸ்டேஷனில் ரயிலேறித் தலைமன்னார் வழியாகப் போனார்கள். இந்த மலரின் பிரதிகள் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் அனுப்பப்படுகின்றன. முகவரி மாறியவர்களைத் தெரிந்தவர்கள் சங்கச் செயலாளருக்கு அறியத் தாருங்கள்.