நாடிழந்த கப்டன் புஷ்காஷ்

பேர்ண் நகரில் இருக்கிற எங்கட சனம் வாங்க்டோர்வ் மைதானப் பக்கமாக எத்தனையோ தரம் போய் வந்திருக்கும். பழைய மைதானத்தை 2001இல் இடித்துப் போட்டு, அதே இடத்தில் புதியதைக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பழைய மைதானத்தில் 1954 ஜூலை 4ஆம் திகதி உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தில் தோற்றுப் போன ஹங்கேரி அணியின் கப்டனைப் பற்றி எங்கட மலரில் எழுத வேண்டும் எண்டு எனக்குக் கனநாள் ஆசை. அவர் பெயர் பெரென்ட்ஸ் புஷ்காஷ். பின்னாளில் அவரும் எங்களைப் போல ஒரு அகதி.

1927இல் புடாபெஸ்டில் பிறந்தவர். கிஷ்பெஷ்ட் என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் வளர்ந்தார். பக்கத்து வீட்டுப் பெடியன் யோசெவ் பொசிக். சுவரில் தட்டி ஒருவரை ஒருவர் விளையாடக் கூப்பிடுவார்களாம். இரண்டு பேரும் ஒரே கழகத்தில் ஆடி, தேசிய அணியிலும் சேர்ந்து ஆடினார்கள். 1949இல் அந்தக் கழகம் ஹொன்வேட் என்ற இராணுவ அணியாக மாறியது. புஷ்காஷுக்கு மேஜர் பதவி வரை கிடைத்தது.

ஆள் கட்டை, உடம்பும் கொஞ்சம் பருமன். ஆனால் இடது கால் இருக்கிறதே, அது ஒரு பீரங்கி! நாட்டுக்காக ஆடிய 85 ஆட்டங்களில் 84 கோல். 1952இல் ஒலிம்பிக் தங்கம். 1953 நவம்பரில் வெம்பிளியில் வைத்தே இங்கிலாந்தை 6-3 என்று வென்றார்கள். அடுத்த வருஷம் புடாபெஸ்டில் 7-1!

நாலு வருஷமாகத் தோல்வியே காணாத அணிதான் பேர்ணுக்கு வந்தது. முதல் சுற்றில் மேற்கு ஜேர்மனியை 8-3 என்று அடித்தார்கள். ஆனால் அந்த ஆட்டத்தில் புஷ்காஷின் கணுக்கால் அடிபட்டது. காயம் முழுதாக மாறாமலே இறுதி ஆட்டத்தில் இறங்கி முதல் கோலையும் போட்டார். எட்டு நிமிஷத்தில் 2-0. பிறகு, கொட்டுகிற மழைக்குள் ஜேர்மனி 3-2 என்று முந்தியது. கடைசி நேரத்தில் புஷ்காஷ் அடித்த கோலை ‘ஓவ்சைட்’ எண்டு தள்ளி விட்டார்கள்.

1956 ஒக்ரோபரில் ஹங்கேரியில் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நவம்பரில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் புகுந்தன. புஷ்காஷ் சண்டையில் செத்துப் போனார் எண்டு கூட வெளிநாடுகளில் செய்தி வந்தது. ஐரோப்பியக் கிண்ணப் போட்டிக்காக வெளியே வந்த ஹொன்வேட் அணியில் புஷ்காஷும் வேறு சிலரும் திரும்பிப் போகவில்லை. அவருடைய மனைவியும் மகளும் எல்லை கடந்து ஆஸ்திரியா வந்து சேர்ந்தார்கள். பொசிக் திரும்பிப் போனார்.

ஊரில் புஷ்காஷை ஓடுகாலி எண்டார்கள். உலக உதைபந்தாட்டச் சங்கமும் தடை போட்டது. ஏறக்குறைய ஒன்றரை வருஷம் ஆட்டமில்லை. கை நிறையத் தொழில் தெரிந்தும் செய்ய விடாமல் இருத்தி வைப்பது எப்படி இருக்கும் எண்டு, வேலை அனுமதிக்குக் காத்திருந்த எங்களுக்குச் சொல்லவா வேணும்? உடம்பு ஊதிப் போச்சு.

1958இல் றியல் மட்றிட் அவரை எடுத்தபோது வயது 31. பலர் சிரித்திருப்பார்கள். உடம்பைக் குறைத்து, 180 லீக் ஆட்டங்களில் 156 கோல் அடித்தார். 1960இல் கிளாஸ்கோவில் நடந்த ஐரோப்பியக் கிண்ண இறுதி ஆட்டத்தில் பிராங்க்பேர்ட் அணிக்கு எதிராக மட்றிட் போட்ட 7 கோலில் 4 அவருடையது. 1962 உலகக் கிண்ணத்தில் ஸ்பெயின் நாட்டுக்காகவும் ஆடினார். பிறகு பயிற்சியாளராகக் கிரேக்கம், சிலி, அவுஸ்திரேலியா என்று பல நாடுகள்.

சொந்த மண்ணை மீண்டும் மிதிக்க 1981 வரை, கால் நூற்றாண்டு, காத்திருந்தார். சுவரில் தட்டிய பொசிக் அப்போது உயிரோடு இல்லை. 1978இலேயே போய்விட்டார்.

போனவன் துரோகி, நின்றவன் கோழை எண்டு எங்கட சனத்திலும் சிலர் கதைப்பதுண்டு. என்னைக் கேட்டால் இந்த இரண்டு சிநேகிதர்களில் ஒருவரையும் குறை சொல்ல முடியாது. புடாபெஸ்டின் பெரிய மைதானத்துக்கு 2002இல் புஷ்காஷின் பெயரை வைத்தார்கள். கிஷ்பெஷ்டில் ஹொன்வேட் கழகத்தின் மைதானத்துக்கோ பொசிக்கின் பெயர். 2006 நவம்பர் 17இல் புஷ்காஷ் இறந்தபோது அரச மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ஓடுகாலி எண்ட அதே ஊர்தான்.

எங்கட பிள்ளைகள் இங்கே பந்து அடிக்கப் போகும்போது இந்தக் கதையையும் சொல்லி அனுப்புங்கோ.